போக்கர்ல ரெண்டு கை போனதும் தலை சூடாகுதா? கோவத்த அடக்க வேணாம், அது கையில காசு சிக்காம பாத்துக்குங்க

கேட்டவரோட பிரச்சனை சுருக்கமா இதுதான். ஆன்லைன்ல நோ லிமிட் ஹோல்டம் ஆடுறார் (ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு, பந்தயத்துக்கு உச்சவரம்பு கிடையாது), சாதாரணமா நல்லாவே ஆடுறார், ஆனா ரிவர்ல, அதாவது கடைசி பொதுச் சீட்டுல, ரெண்டு பெரிய கை (ஒரு தடவை சீட்டு போட்டு ஆடுறது ஒரு கை) போயிட்டா அதுக்கப்புறம் என்ன ஆடுறோம்னே தெரியாம ஆடி, பல வாரமா சேத்தத ஒரே ராத்திரில விட்டுடுறார். கோவமே வராம ஆட வழி இருக்கான்னு கேக்குறார். கூடவே, சில பெரிய பிளேயர்ங்க டேபிள்லயே கத்துறாங்களே, அவங்க மட்டும் எப்படி ஜெயிக்கிறாங்கன்னும் ஒரு கேள்வி.

கோவமே வராம ஆட வழி கிடையாதுங்க, அத மொதல்லயே சொல்லிடுறேன். காசு வச்சு ஆடுற ஆட்டத்துல, எல்லாத்தையும் சரியா பண்ணியும் தோக்குறப்ப ஒடம்பு கொதிக்கத்தான் செய்யும். அமைதியா இருங்க, தியானம் பண்ணுங்கன்னு நெறைய பேர் சொல்லிட்டுப் போயிடுவாங்க, தியானம் நல்லதுதான், ஆனா உங்க ஏஸ்-ஏஸ்ஸ, அதாவது இருக்கிறதுலயே நல்ல கைய, ஒருத்தன் ஏழு-ரெண்டுங்கிற மட்டமான கைய வச்சு ஒடைச்ச அந்த நிமிஷத்துல எந்த தியானமும் ஞாபகத்துக்கு வராது. அதனால கோவத்தோட மல்லுக்கட்டுறத விட்டுட்டு ரெண்டே வேலை பாருங்கன்னுதான் நான் சொல்லுவேன். அது வர்றத ரெண்டு மூணு கைக்கு முன்னாடியே கண்டுபிடிக்கிறது ஒன்னு. அப்படியும் வந்துட்டா, அந்த நேரத்துல செலவு பண்ண காசு கைக்கு எட்டாம வச்சிருக்கிறது இன்னொன்னு.

ஆனா அதுக்கு முன்னாடி கணக்கு கொஞ்சம் பேசணும், ஏன்னா டில்ட்டுல (கோவத்துல நெதானம் தப்பி ஆடுறதுக்கு போக்கர்ல அதான் பேர்) பாதி, எவ்வளவு தோக்குறது சகஜம்னு தெரியாததால வர்றதுதான். ஏஸ்-ஏஸ் வச்சு கிங்-கிங்குக்கு எதிரா ஃப்ளாப்புக்கு (மொத மூணு பொதுச் சீட்டுக்கு) முன்னாடியே ஆல்-இன் போனா, அதாவது இருக்கிற மொத்தத்தையும் வச்சா, நீங்க ஜெயிக்க வாய்ப்பு 82% மாதிரி. கேக்க பெருசா இருக்கும். ஆனா 80% சாதகமான ஆல்-இன் மூணு தடவை போனா, மூணுலயும் ஜெயிக்கிற வாய்ப்பு 51% தான், அதாவது கிட்டத்தட்ட பாதி நேரம் அந்த மூணுல ஒன்னாவது ஒடையும். ஃப்ளாப்ல ஃப்ளஷ் டிரா (ஒரே ஜாதில அஞ்சு சீட்டு சேர இன்னும் ஒன்னு மட்டும் வேணும்ங்கிற நெலமை) வச்சிருக்கிறவன் கடைசி வரைக்கும் பாத்தா 35% அடிச்சிடுவான், மூணு தடவைக்கு ஒரு தடவைன்னு வச்சுக்குங்க. ரிவர்ல ரெண்டே ரெண்டு சீட்டு மட்டும்தான் அவனக் காப்பாத்தும்னு இருக்கிற நெலமையில கூட 22ல ஒரு தடவை அது வந்தே தீரும். ஆன்லைன்ல நாலு டேபிள் ஓட்டுற ஆளு இத மாசாமாசம் பாப்பான், பாக்கலைன்னாதான் ஆச்சரியம்.

இன்னும் பெரிய அளவுல பாருங்க. 100 கைக்கு 5 பிக் பிளைண்ட் (சீட்டு போடுறதுக்கு முன்னாடியே வைக்கிற கட்டாயப் பந்தயத்துல பெருசு, அதுதான் இங்க அளவுகோல்) ஜெயிக்கிற ஒரு நல்ல பிளேயர எடுத்துக்குங்க, ஆறு பேர் டேபிள்ல ஏத்த இறக்கம் 100 கைக்கு 90 பிக் பிளைண்ட்ன்னு வச்சுக்கலாம், அது ரொம்ப சாதாரணமான அளவு. இந்த ஆளு 10,000 கை ஆடி முடிச்சப்ப நஷ்டத்துல நிக்கிற வாய்ப்பு ஏறக்குறைய 29%. நல்லா ஆடுறவருக்கே சொல்றேன். ஒரு லட்சம் கை ஆடினாலும் 4% மாதிரி அந்த வாய்ப்பு மிச்சம் இருக்கும். நேர்ல உக்காந்து ஆடுற டேபிள்ல மணிக்கு 30 கைதான் ஓடும், அப்ப 10,000 கைங்கிறது 330 மணி நேரத்துக்கு மேல. இது தெரிஞ்சா, நேத்து ராத்திரி தோத்ததுக்கு இந்த சைட்டு நமக்குன்னே சீட்டு போடுதுன்னு நெனைக்கத் தோணாது, தோணினாலும் கொஞ்சம் கம்மியாத் தோணும்.

யாரும் பெருசா பேசாத ஒரு விஷயம், சீட்டே வராம ஒக்காந்திருக்கிற எரிச்சல். பேட் பீட்னா (நல்ல கைய வச்சும் அதிர்ஷ்டத்தால தோக்குறது) கதை சொல்லவாவது உதவும், இதுல அது கூட இல்ல, கைய விட்டுக்குடுத்து மடிச்சு மடிச்சு மடிச்சு கடைசில ஒரு கிங்-ஒன்பது வந்தா அது ராஜ பரம்பரை மாதிரி தெரியும். கையில ஜோடி வர்றது 17 கைக்கு ஒரு தடவை, அந்த ஜோடி ஃப்ளாப்ல செட் ஆகுறது, அதாவது அதே சீட்டு மூணாவதா வந்து சேர்றது, எட்டு ஒம்போது தடவைக்கு ஒன்னு. ரெண்டையும் பெருக்கினா 145 கைக்கு ஒரு செட். நேர்ல ஆடுறவருக்கு அஞ்சு மணி நேரத்துக்கு ஒன்னு, அதுவும் எல்லா ஜோடியையும் ஃப்ளாப் வரைக்கும் கொண்டு போனாத்தான். நல்லா ஆடுறவங்களே ஆறு பேர் டேபிள்ல நாலுக்கு மூணு கைய மடிச்சுத்தான் போடுறாங்க. பொறுமை இழந்து தப்பான கையில உள்ள போறதும் டில்ட்தான், சத்தம் போடாத டில்ட், அதனாலேயே கண்ணுல படாது.

அடுத்தது, நீங்க பேட் பீட்னு சொல்றதுல எத்தனை உண்மையிலேயே பேட் பீட்னு ஒரு தடவை பாத்துருங்க. பாட்ல (நடுவுல சேந்த பந்தயக் காசுல) 100 இருக்கு, உங்ககிட்ட செட், நீங்க 30 போடுறீங்க. ஃப்ளஷ் டிரா வச்சிருக்கிறவன் 30 குடுத்தா மொத்த பாட் 160, அவனுக்கு 19% வாய்ப்பு இருந்தாலே போதும். அடுத்த ஒரு சீட்டுல ஃப்ளஷ் விழுற வாய்ப்பும் அதே 19% சுமார். விழுந்தா உங்ககிட்ட இருந்து இன்னும் புடுங்கலாம்ங்கிறதையும் சேத்தா அவன் கால் பண்ணது (நீங்க போட்ட அளவு காசப் போட்டு தொடர்ந்தது) நூத்துக்கு நூறு சரி, அவனுக்கு அந்த விலைய வச்சுக் குடுத்ததே நீங்க. இந்த மாதிரி கைக்கு அநியாயம்னு குதிச்சா, திருத்தவேண்டிய எடம் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிடும்.

உண்மையிலேயே அநியாயமா போன கைகளும் உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா அங்க கோவம் யார் மேல வருதுன்னு கவனிங்க. ஏழு-ரெண்ட வச்சு கால் பண்ணானே அந்த முட்டாள் மேல. அந்த முட்டாள் டேபிள்ல இல்லன்னா உங்க லாபம் எங்க இருந்து வரும்? நூறு தடவை அவன் அந்த மாதிரி கால் பண்ணா 88 தடவை உங்க ஏஸ்-ஏஸ்தான் ஜெயிக்கும். அவன் ஜெயிக்கிற அந்த 12 தடவைதான் அவன திரும்பத் திரும்ப டேபிளுக்கு கூட்டிட்டு வருது. அவனப் பாத்து சாட்ல எப்படிடா இந்த கையில கால் பண்ணேன்னு திட்டுறவங்களப் பாத்தா எனக்கு சிரிப்புதான் வரும், ஒன்னு அவன் வேற டேபிளுக்குப் போயிடுவான், இல்ல ஒழுங்கா ஆடக் கத்துக்குவான், ரெண்டுமே உங்களுக்கு நஷ்டம். சாட்ட மொத்தமா ஆஃப் பண்ணி வச்சிடுங்க, அதுல யாருக்கும் எந்த நல்லதும் நடந்ததில்ல.

ஒருத்தன் மேலேயே குறி வைக்கிற கோவம் கொஞ்சம் வேற மாதிரி. மூணு தடவை நீங்க ரெய்ஸ் பண்ணப்பலாம் (பந்தயத்த ஏத்துனப்பலாம்) திருப்பி ரெய்ஸ் பண்ணி உங்கள மடிக்க வச்சிருப்பான், நாலாவது தடவை இவன் கிட்ட ஒன்னும் இல்லன்னு நீங்களே முடிவு பண்ணி மொத்த ஸ்டாக்கையும், அதாவது முன்னாடி இருக்கிற காசு அத்தனையையும், தள்ளுவீங்க. அவன் கிட்ட இந்தத் தடவை கிங்-கிங் இருக்கும். இதுக்கு ரொம்ப சுலபமான வைத்தியம் டேபிள மாத்துறது. ஆன்லைன்ல ஆயிரம் டேபிள் இருக்கு, அவனுக்கிட்டயே ஜெயிக்கணும்னு யாரும் எழுதி வாங்கல. ஆனா இத சொன்னா நெறைய பேருக்கு கௌரவக் குறைச்சலா இருக்கும், ஓடிட்டான்னு அவன் நெனைப்பானாம். அவன் உங்களப் பத்தி நெனைக்கவே மாட்டான், நாலு டேபிள் ஓட்டிட்டு இருப்பான்.

இப்ப உங்க கேள்வியோட மையத்துக்கு வர்றேன், ஒரே ராத்திரில எல்லாம் போறது. இது கோவத்தால ஆரம்பிக்கும், ஆனா முழுசா கோவம் இல்ல, விட்டதப் புடிக்கணும்ங்கிற வெறி. இதப் பத்தி டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979ல எழுதின ஆராய்ச்சிக் கட்டுரையில ஒரு கேள்வி இருக்கு. நிச்சயமா 3,000 நஷ்டம், இல்லன்னா 80% வாய்ப்புல 4,000 நஷ்டம், எத எடுப்பீங்கன்னு கேட்டாங்க. 92% பேர் ரெண்டாவத எடுத்தாங்க. கணக்குப் பாத்தா அது சராசரியா 3,200 நஷ்டம், நிச்சயமான 3,000த்த விட மோசம். இருந்தும் நஷ்டம்னு வந்துட்டா மனுஷன் எப்படியாவது சைபருக்கு வந்துடலாம்னு சூதாடுவான். ராத்திரி ரெண்டு பை-இன் (டேபிள்ல உக்கார எடுத்துட்டுப் போற தொகை, வழக்கமா 100 பிக் பிளைண்ட்) நஷ்டத்துல ஒக்காந்திருக்கிற ஆளு எழுந்திரிக்க முடியாம தவிக்கிறதும், பெரிய லிமிட்டுக்கு, அதாவது பந்தயத் தொகை பெருசா இருக்கிற டேபிளுக்கு, தாவுறதும் இதேதான்.

அதுக்கும் மேல ஒரு கட்டம் இருக்கு. மைக் கேரோன்னு ரொம்ப காலமா போக்கர் சொல்லிக்குடுக்குற ஆளு சொன்னது, நஷ்டம் ஒரு அளவத் தாண்டிட்டா அதுக்கு மேல போற காசு வலிக்கவே வலிக்காதுன்னு. நம்ம ஊர்க்காரங்க இத எப்பவோ சொல்லிட்டாங்க, தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு. வலி நின்னு போன அந்த நேரம்தான் ரொம்ப ஆபத்து, அமைதியாயிட்டோம்னு நமக்கே தோணும், ஆனா அங்க தான் கண்ணு மூடிட்டு கால் பண்ணுவோம். காலைல எழுந்து பாத்தா ஒவ்வொரு பை-இன்னும் மொத்தமா சேத்து வலிக்கும்.

சரி, முன்னாடியே கண்டுபிடிக்கிறது எப்படி. ஒவ்வொருத்தருக்கும் அறிகுறி வேற, ஆனா ஒரு தடவை கவனிச்சு எழுதி வச்சிட்டா அதுவேதான் திரும்பத் திரும்ப வரும். சிலருக்கு தாடை இறுகும். சிலர் வழக்கத்த விட வேகமா கிளிக் பண்ணுவாங்க. ஒவ்வொரு கை முடிஞ்சதும் பேலன்ஸப் பாக்குறது, இன்னொரு டேபிள் சும்மா தொறக்குறது, போன கைய மனசுக்குள்ள ஓட்டிட்டே இந்த கைய ஆடுறது, மடிக்க வேண்டிய எடத்துல என்ன காட்டுறான்னு பாப்போமேன்னு கால் பண்றது, இதெல்லாம் பொதுவா வர்றவை. என்னக் கேட்டா அந்த கடைசி ஒன்னுதான் ரொம்ப நம்பகமான அறிகுறி. பாக்கணும்ங்கிறதுக்காக காசு குடுக்குறப்பவே ஆட்டம் கை விட்டுப் போக ஆரம்பிச்சிருக்கு. உங்களோடத ஒரு சின்னத் தாள்ல எழுதி ஸ்க்ரீனுக்குப் பக்கத்துல ஒட்டி வைங்க, மனசுல வச்சிருக்கேன்னு சொல்லாதீங்க, கோவம் வந்தா மனசுல இருக்கிறது தான் மொதல்ல மறந்து போகும்.

அப்புறம் காச எட்டாம வைக்கிறது. இதுல மொத வேலை, ஆட்டோ ரீபை, ஆட்டோ டாப்-அப் ரெண்டையும் இன்னைக்கே ஆஃப் பண்ணுங்க. ஸ்டாக் போனதும் அதுவா திரும்ப நிரம்புறது ஜெயிக்கிற மனநிலையில வசதி, தோக்குற மனநிலையில விஷம். கையால ரீபை பண்ண வேண்டியிருந்தா ஒரு பத்து செகண்ட் யோசிக்க கெடைக்கும். டெபாசிட் லிமிட் வைக்கிற வசதி உங்க சைட்ல இருந்தா அத ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, தெளிவா இருக்கிறப்ப வைங்க. ஒரு உக்காருதலுக்கு மூணு பை-இன் போனா முடிஞ்சுதுன்னு நெறைய பேர் வரம்பு வைப்பாங்க, நல்லதுதான், ஆனா அத மட்டும் நம்பாதீங்க. பாதி பை-இன் போனப்பவே டில்ட் ஆகுற ஆளுக்கு மூணு பை-இன் வரம்புன்னா இன்னும் ரெண்டரை பை-இன் தோக்க அனுமதிச் சீட்டு குடுத்த மாதிரிதான். அதனால காசு வரம்பு ஒன்னு, அறிகுறி வரம்பு ஒன்னு, எது மொதல்ல வருதோ அப்ப எழுந்திரிங்க.

எழுந்திரிக்கிறதுன்னா ஆட்டத்தையே முடிக்கணும்னு இல்ல. பெரிய கை போனதும் சிட்-அவுட் போட்டு (எடத்த விடாம சீட்டு மட்டும் வாங்காம இருந்து) ஒரு சுத்து விட்டுடுங்க. சிட்-அவுட்ல ஆன்லைன்ல பெரும்பாலும் பிளைண்ட் எடுக்க மாட்டாங்க, அப்படியே போனாலும் ஒரு சுத்துக்கு ஒன்னரை பிக் பிளைண்ட், கோவத்துல ஆடினா போறது 100 பிக் பிளைண்ட். அந்த சுத்துல நாக்காலிய விட்டு எழுந்து நில்லுங்க, மூச்ச நாலு எண்ணி உள்ள இழுத்து ஆறு எண்ணி வெளிய விடுங்க, இழுக்கிறத விட விடுறது நீளமா இருந்தா நெஞ்சு படபடப்பு கொஞ்சம் எறங்கும். மாயமந்திரம் ஒன்னும் இல்ல, ஒடம்பு வேலை செய்யிற விதம் அது. திரும்ப வந்தப்ப போன கைய பத்தி யோசிக்காம அடுத்த கையில யார் எந்த பொசிஷன்ல இருக்காங்கன்னு சொல்ல முடியுதான்னு பாருங்க. முடியலன்னா இன்னும் ஒரு சுத்து.

இப்ப கத்துற பிளேயர்ங்க விஷயம். நீங்க சொல்றது ஃபில் ஹெல்முத் மாதிரி ஆளுங்களன்னு நெனைக்கிறேன். 1989ல 24 வயசுல உலகப் போக்கர் தொடரோட மெயின் ஈவன்ட்ட ஜெயிச்சவர், அந்தத் தொடர்ல 17 பிரேஸ்லெட் (ஒரு போட்டி ஜெயிச்சா குடுக்குற கைச்சங்கிலி) வச்சிருக்கார், டேபிள்ல எழுந்து நின்னு எதிராளிய வாய்க்கு வந்தபடி பேசுறதுக்கும் பேர் போனவர். ஆனா அவர் பேசுறத மட்டும் பாக்காதீங்க, அடுத்த கையில என்ன பண்றார்னு பாருங்க. கத்திட்டு வந்து உக்காந்து பெரும்பாலும் ஒழுங்கா மடிப்பார். வாய்ல வர்றது வேற, சிப்ஸ் போறது வேற, நமக்கு வேண்டியது ரெண்டாவதோட கட்டுப்பாடு. இன்னொரு பக்கம் முகத்துல ஒன்னுமே காட்டாம உக்காந்து உள்ளுக்குள்ள எரிஞ்சு, மூணு கை கழிச்சு மொத்தத்தையும் தள்ளுற ஆளுங்களையும் பாத்திருப்பீங்க.

அதுக்காக கத்தினா கோவம் தீர்ந்துடும்னு எடுத்துக்க வேணாம். பிராட் புஷ்மன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் 2002ல வெளியிட்ட சோதனையில, ஆளுங்கள வேணும்னே கோவப்படுத்தி, ஒரு குழுவ கோவப்படுத்தினவன நெனைச்சுட்டே குத்துச்சண்டை பைய குத்தச் சொன்னாங்க, இன்னொரு குழு சும்மா உக்காந்திருந்துச்சு. நெனைச்சு நெனைச்சு குத்தினவங்களுக்குத்தான் கோவம் அதிகமா இருந்துச்சு, சும்மா இருந்தவங்க அடங்கிட்டாங்க. பேட் பீட் கதைய நாலு பேர்கிட்ட திரும்பத் திரும்ப சொல்றதும் இந்த ரகம்தான்னு நான் நெனைக்கிறேன், சொல்லச் சொல்ல அது பழுக்கும். மவுஸ ஒடைக்கிறதும் அதேதான், மவுசும் போச்சு.

நம்ம தப்பால போன கைக்கு நம்ம மேலயே வர்ற கோவம் இருக்கே, நல்லா படிச்சு ஆடுறவங்களுக்கு இதுதான் பெரிய எதிரி. அதுக்கு ஒரு வழி, அந்த கைய மார்க் பண்ணிட்டு, நாளைக்கு பாப்போம்னு ஒரு வரி எழுதி விட்டுடுறது. கை எங்கயும் போயிடாது, ஹிஸ்டரில இருக்கும். மறுநாள் பாக்குறப்ப ஜெயிச்சதா தோத்ததான்னு பாக்காம, அந்த எடத்துல கிடைச்ச தகவல வச்சு முடிவு சரியான்னு மட்டும் பாருங்க. டிராக்கர் (ஆடின கைகளப் பதிவு பண்ணி கணக்கு காட்டுற மென்பொருள்) வச்சிருந்தா அதுல ஆல்-இன் ஈவி கோடு, அதாவது அதிர்ஷ்டத்த ஒதுக்கிட்டு சராசரியா வரவேண்டியதக் காட்டுற கோடு, உதவும், காசு எப்போ உள்ள போச்சோ அப்ப உங்க பங்கு எவ்வளவுன்னு காட்டும். ஆனா அத வேதமா எடுத்துக்காதீங்க, கிங்-கிங்க வச்சு ஏஸ்-ஏஸ்கிட்ட மாட்டுறதும் துரதிர்ஷ்டம்தான், அந்தக் கோடு அத கணக்குலயே எடுக்காது. ஜெயிச்ச கையையும் நாலு எடுத்துப் பாருங்க, தப்பா ஆடி ஜெயிச்சது நெறைய மாட்டும், தோக்குறப்ப மட்டும் அதிர்ஷ்டத்தப் பத்தி பேசுற பழக்கம் அதுல கொஞ்சம் கொறையும்.

டோர்னமென்ட் ஆடுறவங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. பொதுவா உள்ள வர்றவங்கள்ல ஆறு ஏழு பேருக்கு ஒருத்தருக்குத்தான் பரிசு கெடைக்கும், அதனால வெறுங்கையோட வெளிய போறதுதான் அங்க தினப்படி வேலை. வெளிய போன அடுத்த நிமிஷம் ரெஜிஸ்டர் பட்டன அமுக்காம இருந்தாலே பாதி பிரச்சனை தீரும்.

எல்லாத்துக்கும் அடியில பேங்க்ரோல், அதாவது ஆட்டத்துக்குன்னு தனியா ஒதுக்கின காசு, இருக்கு. கேஷ் கேம்ல (டோர்னமென்ட்டா இல்லாம நேரடியா காசு வச்சு ஆடுறதுல) ஆடுற லிமிட்டுக்கு குறைஞ்சது 30 பை-இன், அதாவது 3,000 பிக் பிளைண்ட் தனியா இருந்தா ஒரு பை-இன் போறது 3% சொச்சம்தான், எரிச்சலோட நிக்கும். அஞ்சே பை-இன் வச்சுட்டு ஆடினா ஒவ்வொரு ரிவரும் அஞ்சுல ஒரு பங்கு சொத்து, அந்த நெலமையில கோவப்படாம இருக்கிறவன் மனுஷனே இல்ல. உங்களுக்கு ஒரே ராத்திரில எல்லாம் போகுதுன்னா, எனக்கு மொதல்ல தோணுற சந்தேகமே உங்க லிமிட் உங்க காசுக்கு பெருசுங்கிறதுதான். ஒரு படி எறங்கி ஆடிப் பாருங்க, பாதி கோவம் அங்கயே காணாமப் போனா காரணம் தெரிஞ்சுடுச்சு.

கடைசியா ஒன்னு, இது உங்களுக்குப் பொருந்தாதுன்னு நம்புறேன். எறங்கின லிமிட்லயும் இதே கதை நடக்குதுன்னா, வாடகைக்கோ கட்டணத்துக்கோ வச்ச காசு உள்ள போகுதுன்னா, கடன் வாங்கி ஆடுறீங்கன்னா, எவ்வளவு போச்சுன்னு வீட்ல மறைக்கிறீங்கன்னா, அப்ப மேல சொன்ன மூச்சும் சிட்-அவுட்டும் எதுவும் உதவாது, அது டில்ட்டத் தாண்டின வேற விஷயம். நெறைய சைட்ல கணக்க நாமளே பூட்டிக்கிற வசதி இருக்கு, ஆறு மாசத்துக்கோ நிரந்தரமாவோ, அத போட்டுட்டு வீட்ல ஒருத்தர்கிட்ட முழுத் தொகையையும் சொல்லிடுங்க, சூதாட்டப் பழக்கத்துக்கு ஆலோசனை குடுக்குற மனநல மருத்துவர் ஒருத்தரையும் பாருங்க.